உங்களுக்குத் தெரியுமா? சின்ஸா, ஃபாரா?

'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' என்று நேர்முகத் தேர்வில் சொல்பவர்கள் ஏராளம். இதில் இரண்டு பிழைகள். 2019, திங்கட்கிழமை, காலை 9 மணி என்று தொடங்கிய நேரத்தைச் சொன்னால்தான் 'சின்ஸ்'. ஐந்து வருடம், இரண்டு மணி நேரம் என்று கால அளவைச் சொன்னால் 'ஃபார்'. வினையும் 'ஹேவ் பீன் வொர்க்கிங்' என்று வர வேண்டும்.

இந்திக்காரர்களுக்கு இரண்டுக்கும் ஒரே 'ஸே'தான். அவர்கள் குழம்புவதில் நியாயம் உண்டு. '2019-லிருந்து', 'ஐந்து வருடமாக' என்று பிரித்தே பேசும் நமக்கு அந்தச் சாக்கும் இல்லை!

பேச்சில் 'ஐ ஹேவ் பீன் வெயிட்டிங் டூ அவர்ஸ்' என்று ஃபாரை விட்டுவிடலாம். சின்ஸை விட முடியாது. 'ஆல் டே'க்கு முன்னால் ஃபார் வரவே வராது.