படகிலிருந்து தவறி விழுந்தால்: எதை முதலில் வாங்குவது?

வயலையும் குளத்தையும் விட்டுக் கரையோரத்தில் குடியமர நேர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் சம்மாட்டிமாரின் படகுகளில் தொழிலுக்குச் செல்கின்றனர். "அவனுக்கு நல்லாய் நீந்தத் தெரியும்" என்று தாய்மார் எம்மிடம் கூறுவதுண்டு. குளத்தில் நீந்தியவன் கரையைப் பார்த்து நீந்தியவன். ஆழ்கடலில் அவனுக்குப் படகுதான் கரை. அதுவோ அவனை விட்டு ஓடிக்கொண்டிருக்கும். 10 நொட் வேகத்தில் செல்லும் படகு ஒரு நிமிடத்தில் 300 மீற்றர் தூரம் போய்விடும். அலைகளுக்கிடையே தெரிவது தேங்காயளவு தலை மட்டுமே.

கையில் இருப்பது சிறிய தொகை என்றால் எதை முதலில் வாங்குவது? விலையில்லாத ஒன்றிலிருந்து தொடங்குவோம். வெளியிணைப்பு இயந்திரங்கள் பலவற்றோடு ஒரு சிறிய நிறுத்தற் கயிறு வரும். அதை ஓட்டுபவர் தம் கையிலோ இடுப்பிலோ மாட்டிக்கொண்டால், அவர் விழும்போது கயிறு கழன்று இயந்திரம் நின்றுவிடும். மாட்டாவிட்டால் ஆளில்லாத படகு ஓடிப்போகும், அல்லது வட்டமடித்துத் திரும்பி வந்து விழுந்தவரையே சுழலியால் வெட்டும். இடைஞ்சல் என்று இதைக் கழற்றி வைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து தேடி எடுத்து மாட்டுங்கள்.

அடுத்தது மிதவை அங்கி. பணம் செலவிடுவதானால் முதலில் இதற்கே செலவிட வேண்டும். வளர்ந்த ஒருவரின் தலையை நீருக்கு மேல் வைத்திருக்க ஏறத்தாழ 5 கிலோ மிதப்பே போதும். ஆனால் மயங்கியவரை முகம் மேலே வரும்படி திருப்புவதற்கு அது போதாது. அங்கியில் 50, 100, 150 என்று நியூட்டன் அளவு குறித்திருப்பார்கள். 100 என்பது ஏறக்குறைய 10 கிலோ மிதப்பு. கரை தெரியாத தூரம் போகிறவர்களுக்கு 100க்குக் குறைந்தது வேண்டாம். வாயுக் குப்பியால் தானாக ஊதும் அங்கி மெல்லியது, அணியச் சுகமானது. எனினும் தூண்டில் முள் குத்தினால் பழுதாகும், குப்பியையும் ஈரம்பட்டு இயங்கும் பகுதியையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். திறந்த படகுக்கு நுரைப்பலகை வைத்த அங்கியே ஏற்றது. ஒருமுறை நாம் மலிவாக வாங்கிய சில அங்கிகளின் உள்ளே இருந்தது வெறும் பஞ்சு நுரை. ஒரு இரவு தொட்டியில் அமிழ்த்தி வைத்தபோது நீரை உறிஞ்சித் தாழ்ந்துவிட்டன. நீங்களும் அவ்வாறு சோதித்துப் பாருங்கள். தொடைகளுக்கிடையே கட்டும் பட்டி இல்லாவிட்டால் அங்கி முகத்துக்கு மேலே ஏறிவிடும். விசிலும் சிறு விளக்கும் அதிலேயே கட்டப்பட்டிருக்க வேண்டும்.

மூன்றாவது, எறிவதற்கு ஒன்று. கப்பல்களுக்கான சர்வதேச விதிப்படி உயிர்காப்பு வளையம் 14.5 கிலோ இரும்பை நன்னீரில் 24 மணி நேரம் தாங்க வேண்டும். அது வாங்க முடியாதவர்கள், மூடி இறுகிய வெறும் 20 லீற்றர் பிளாஸ்ரிக் கானில் 30 மீற்றர் கயிறு கட்டி வைக்கலாம். நைலோன் கயிறு தாழும். மிதக்கும் பொலிபுரொப்பிலீன் கயிறே வேண்டும். வலைக்கு அடியில் வைத்தால் பயனில்லை, கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

செய்மதிக்குச் செய்தி அனுப்பும் 406 மெகாஹேர்ட்ஸ் கருவி பலநாட் கலங்களுக்கு மிக நல்லது. ஆனால் விலை கூடியது, வாங்கியதும் பதிவு செய்யவும் வேண்டும். அதன் அழைப்பைக் கேட்டு உதவி வர மணிக்கணக்காகலாம். அதுவரை விழுந்தவரை மிதக்க வைப்பது அங்கியே. ஆகவே அங்கிக்குப் பிறகே இதை நினைக்க வேண்டும்.

கண்டுபிடித்த பின்னர் தூக்குவதும் கடினம். நனைந்து களைத்தவரை இருவரால்கூட ஏற்ற முடியாமற் போகலாம். இயந்திரத்தை நிறுத்தி, காலை வைக்கத் தடமிட்ட கயிறொன்றைப் படகின் பக்கவாட்டில் தொங்கவிடுங்கள். அதையும் முன்கூட்டியே கட்டி வைத்திருக்க வேண்டும்.

அமைதியான ஒரு நாளில், சொல்லாமல் ஓர் உரிக்காத தேங்காயைக் கடலில் போடுங்கள். ஒருவர் அதிலிருந்து கண்ணெடுக்காமல் கையால் காட்டிக்கொண்டிருக்க, மற்றவர் படகைத் திருப்பட்டும். அதை எடுக்க எத்தனை நிமிடம் சென்றது என்று குறித்து வையுங்கள்.