உலோகத்தின் கருந்தோல்

ஊரை விட்டுத் தில்லிக்கோ போபாலுக்கோ மாற்றலாகி வரும் தமிழ்க் குடும்பத்தின் மூட்டைகளுள் ஓர் இரும்புத் தோசைக்கல்லும் இருப்பது வழக்கம். அது பளபளப்பாக இராது. அடுப்புக்கரி போலக் கறுத்திருக்கும். உதவி செய்ய எண்ணிய பிள்ளை ஒருவர், அதை அழுக்கென்று கருதிக் கம்பி நாரால் தேய்த்து வெளுக்கச் செய்துவிட்டால் என்ன ஆகும்? ஈரம் உலர்வதற்குள் கல்லின் மேல் செந்நிறத் துரு படரும். மறுநாள் வார்க்கும் தோசை கல்லை விட்டு எழாது. பாட்டி பல ஆண்டுகள் பழக்கிய கல்லை முதலிலிருந்து மீண்டும் பழக்க வேண்டியதுதான்.

தோசைக்கல்லின் கருமை அழுக்கன்று. சூடேறிய இரும்பின் மேல் தடவப்பட்ட எண்ணெய், நாளடைவில் இறுகி மெல்லிய தோலாக மாறிவிடுகிறது. அத்தோல் காற்றையும் ஈரத்தையும் இரும்பை அண்டவிடுவதில்லை. கொல்லரும் இதே முறையைக் கையாள்வர். சன்னல் கம்பி, கதவுக் கீல், தாழ்ப்பாள் முதலியவற்றைச் சூடாக்கி, எண்ணெயோ மெழுகோ தடவிக் கறுக்கச் செய்வர். பழைய வீடுகளின் கதவுகளில் காணப்படும் கரிய இரும்பு வேலைப்பாடு பல இவ்வாறு உருவானவையே.

துருவும் இரும்பின் மேல் படிவதுதானே, அது ஏன் காப்பதில்லை என்று கேட்கலாம். செந்துரு பொருபொருவென்றிருக்கும், நுண்துளைகள் நிறைந்தது, செதில் செதிலாக உதிர்வது. அது உதிர்ந்த இடத்தில் புதிய இரும்பு வெளிப்பட்டு, அதுவும் துருவாகும். காக்கும் படலமோ நெருக்கமாகவும் உறுதியாகவும் ஒட்டியிருக்கும்.

இத்தகைய படலத்தின் வலிமையைக் காண விரும்புவோர் தில்லி மெகரௌலிக்குச் செல்லலாம். குதுப் வளாகத்திலுள்ள இரும்புத் தூண் சுமார் 7 மீட்டர் உயரமும் 6 டன்னுக்கு மேற்பட்ட எடையும் உடையது. குப்தர் காலத்தைச் சேர்ந்த அத்தூண், ஏறத்தாழ 1600 ஆண்டுகளாகியும் துருவால் அழியவில்லை. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் உலோகவியல் பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் இதன் காரணத்தை விரிவாக ஆராய்ந்தார். பழங்கால முறையில் உருக்கப்பட்ட அவ்விரும்பில் பாஸ்பரஸ் மிகுதி. மழையும் வெயிலும் மாறி மாறிப் படப்பட, பாஸ்பரஸின் துணையால் தூணின் மேல் காப்புப் படலம் ஒன்று உருவாகியுள்ளது.

தூணுக்கு முதுகைக் காட்டி நின்று, கைகளைப் பின்புறமாக வளைத்து அதைத் தழுவினால் நினைத்தது நடக்கும் என்று பார்வையாளர்கள் நம்பினர். கணக்கற்ற உடல்கள் உராய்ந்ததில், தழுவப்பட்ட பகுதி மட்டும் தேய்ந்து மினுங்கத் தொடங்கியது. இயற்கை பூட்டிய காப்பு, அன்பு மிகுந்த கைகளாலேயே கழன்றது. 1997ஆம் ஆண்டு தூணைச் சுற்றி வேலி அமைக்கப்பட்டது.

கருமையையே அழகாகக் கொண்ட கலையும் நம் நாட்டில் உண்டு. கருநாடகத்தின் பீதர் நகரில் செய்யப்படும் பித்ரிப் பொருள்களைக் கண்காட்சிகளில் பார்த்திருப்பீர்கள். கரிய பூச்சாடியின் மேல் வெள்ளிக் கொடியும் பூவும் ஒளிரும். சாடியின் உடல் துத்தநாகத்துடன் சிறிதளவு செம்பு கலந்து வார்க்கப்பட்டது. இயல்பில் அது சாம்பல் நிறமே. அதில் கோடு கீறி, வெள்ளிக் கம்பியையும் தகட்டையும் பதிப்பர். இறுதியில் பீதர்க் கோட்டையின் பழைய மண்ணை நவச்சார நீரில் கலந்து காய்ச்சிப் பூசுவர். உடல் கறுக்கும், வெள்ளி மட்டும் வெள்ளியாகவே நிற்கும். ஏற்ற மண்ணைக் கைவினைஞர் நாவிலிட்டுச் சுவைத்தே தேர்ந்தெடுப்பர் என்பது வியப்பூட்டும் செய்தி.

இந்தச் சாடியைப் பொங்கலுக்கு முன்நாள் குத்துவிளக்கோடு சேர்த்துப் புளியால் துலக்கினால் கதை முடிந்தது. புளியின் அமிலம் துத்தநாகத்தை அரித்துக் கருமையை நீக்கிவிடும். சாம்பல் நிற உடலில் வெள்ளிப் பூ எங்கே இருக்கிறது என்று தேடவேண்டி வரும்.

ஆயினும் புளியைப் பழிப்பது முறையன்று. செம்பு, பித்தளைப் பாத்திரங்களில் பச்சையாகப் படியும் களிம்பு உணவில் கலந்தால் தீங்கு விளைக்கும். அதனால்தான் நம் முன்னோர் அவற்றைப் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கினர். சமையற் பாத்திரத்துக்குப் பொருந்தும் அவ்வழக்கம், சுவருக்கும் கதவுக்கும் பொருந்தாது.

இன்று நகர வீடுகளில் கறுக்கச் செய்த பித்தளைக் கைப்பிடிகளும் வெண்கல விளக்குத் தாங்கிகளும் மிகுந்து வருகின்றன. சிலவற்றின் மேல் நிறமற்ற மெருகெண்ணெய் பூசப்பட்டிருக்கும்; சிலவற்றில் கருமை திறந்தே இருக்கும். திறந்த கருமை, கை படும் இடத்தில் மெல்ல மெல்லப் பொன்னிறம் காட்டும். அதைக் குறையென்று கொள்ள வேண்டியதில்லை. பலர் அதை விரும்பியே வாங்குகின்றனர்.

இவற்றைப் பேணுவதற்கு அதிக உழைப்பு வேண்டா. மென்மையான பருத்தித் துணியால் தூசியைத் துடைத்தால் போதும். பிசுக்கு இருந்தால் சிறிது சோப்பு கலந்த நீரில் துணியை நனைத்துப் பிழிந்து துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஈரத்தை ஒற்றிவிட வேண்டும். மெருகெண்ணெய் பூசாதவற்றுக்கு அவ்வப்போது தேன்மெழுகை மெல்லியதாகத் தடவலாம். எலுமிச்சை, வினிகர், அம்மோனியா கலந்த துப்புரவு நீர்மங்கள், கம்பி நார் ஆகியவற்றை அண்டவிடக் கூடாது. பித்ரிச் சாடிக்குச் சில துளி எண்ணெய் தடவித் துடைப்பதே பழைய முறை.

மும்பை, விசாகப்பட்டினம் போன்ற கடற்கரை நகரங்களில் வாழ்வோர் இன்னும் விழிப்பாயிருத்தல் வேண்டும். உப்புக் காற்று வெண்கலத்தைத் தாக்கினால் வெளிர் பச்சைத் தூள் புள்ளி புள்ளியாகத் தோன்றும். விரலால் தொட்டால் ஒட்டும். உறுதியாகப் படிந்த கரும்பச்சைப் படலம் வேறு, இத்தூள் வேறு. தூள் தென்பட்டால் வீட்டில் தேய்த்துப் பார்க்காமல் உலோக வேலை அறிந்தவரிடம் காட்ட வேண்டும். எந்தப் பொருளாயினும் எதைக் கொண்டு துடைப்பது என்ற ஐயம் எழுந்தால், முதலில் கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் ஒரு விரலகலம் துடைத்துப் பார்ப்பது நல்லது.