மஞ்சள் விழுந்த வயலும் நான் விட்டுவைத்த மறுதாம்பும்

போன தாளடியில், நட்ட 25 நாளில் என் வயலின் மேற்கு மூலையில் பத்துப் பதினைந்து குத்துகள் மஞ்சளாகின. சத்துக் குறைவு என்று நினைத்து ஜீவாமிர்தம் விட்டேன். பச்சை திரும்பவில்லை. இலை நுனியிலிருந்து ஆரஞ்சு நிறம் இறங்கியது. பயிர் குட்டையாகவே நின்றது, தூரும் கட்டவில்லை.

பக்கத்து வயல் பெரியவர் வந்து பார்த்தார். "சத்துக் குறைவுன்னா வயல் முழுக்க வெளுக்கும் தம்பி. இது திட்டுத் திட்டா இருக்கு. தூரைத் தட்டிப் பாரு" என்றார். தட்டினேன். பச்சைத் தத்துப்பூச்சிகள் துள்ளிப் பறந்தன.

வந்திருந்தது துங்ரோ நோய். இரண்டு நச்சுயிரிகள் சேர்ந்து உண்டாக்குவது. விதை வழியாகவும் வராது, மண் வழியாகவும் வராது. நோய்ப் பயிரின் சாற்றைக் குடித்த தத்துப்பூச்சி அடுத்த பயிரில் வாய் வைக்கும்போதுதான் பரவும். பூச்சி அந்த நச்சுயிரியைச் சில நாட்கள்தான் சுமக்கும். முட்டை வழியாகக் குஞ்சுக்குப் போகாது. அப்படியானால் பூச்சிக்கு நோய் எங்கிருந்து கிடைத்தது?

என் வயலிலிருந்துதான். குறுவை அறுத்த பிறகு, ஆட்டுக்கு ஆகுமே என்று மறுதாம்பைத் துளிர்க்க விட்டிருந்தேன். அதை ஒட்டியே நாற்றங்கால். சில துளிர்கள் மஞ்சளாக இருந்ததைப் பார்த்தும் கண்டுக்காம விட்டுட்டேன்.

பெரியவர் வயலிலும் ஓர் ஓரம் மஞ்சள் விழுந்தது. "மருந்து அடிச்சிரட்டுமா?" என்று கேட்டார். தப்பு என்னுடையது, வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அவரை வரப்பில் உட்காரவைத்து, தூருக்குள் ஓடும் சிலந்திகளைக் காட்டினேன். "இதுங்கதான் பெரியப்பா தத்துப்பூச்சியைத் தின்னுது. மருந்தடிச்சா முதல்ல இதுங்க சாகும்." கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு இருவரும் சேர்ந்து நோய்க் குத்துகளைப் பிடுங்கிப் புதைத்தோம். தப்பிய குத்துகள் கதிர் விட்டன. நாங்கள் கவனிக்காமல் விட்டவற்றில் பதர்தான்.

இந்த ஆண்டு நான் செய்தவை:

• குறுவை அறுத்ததும் தாளை உழுது மடக்கினேன். தானாக முளைத்த நெல்லையும் விடவில்லை.
• 20 சென்ட் நாற்றங்காலுக்கு 12.5 கிலோ வேப்பம் பிண்ணாக்கு அடியுரமாகப் போட்டேன்.
• நாற்றங்காலைத் தெருவிளக்கு வெளிச்சத்திலிருந்து தள்ளி அமைத்தேன். விளக்கைத் தேடித் தத்துப்பூச்சி வரும்.
• விளக்குப்பொறியை முன்னிரவில் மட்டும் எரியவிட்டேன். விடிய விடிய எரிந்தால் நன்மை செய்யும் பூச்சியும் விழும்.
• அக்கம்பக்கத்தாரோடு பேசி ஒரே சமயத்தில் நட்டோம். முன்னும் பின்னுமாக நட்டால் பூச்சிக்கு இளம் பயிர் எப்போதும் கிடைத்துக்கொண்டே இருக்கும்.

இப்போது பயிருக்கு 40 நாள். மஞ்சள் இல்லை. ஆனாலும் காலையில் வரப்பில் பார்த்தால் பெரியவர் கேட்கிறார்: "ஏம்பா, ஆட்டுக்கு வேற தீவனம் பாத்துக்கிட்டியா?"