நீச்சற்குளக் காரைப்பூச்சில் விரிசல்

வீட்டு நீச்சற்குளத்தின் உட்புறத்தில் பூசப்பட்ட சிமெண்ட் காரை பிளந்து கோடு விடுவது காரைப்பூச்சு விரிசல் எனப்படும். அமெரிக்காவின் கலிபோர்னியா, அரிசோனா, டெக்சாஸ், புளோரிடா ஆகிய மாநிலங்களில் கான்கிரீட் தொட்டியின்மேல் வெள்ளைக் காரை பூசிய வீட்டுக் குளங்கள் ஏராளம். எனவே இச்சிக்கல் அங்கு மிகவும் பழக்கமானது. இந்தியாவில் பெரும்பாலும் காரையின்மேல் டைல்ஸ் ஒட்டிவிடுவதால், விரிசல் இருந்தாலும் அது கண்ணுக்குத் தெரியாமல் டைல்ஸுக்குப் பின்னால் கிடக்கும்.

விரிசல்கள் எல்லாம் ஒரே தன்மையுடையவை அல்ல. சில தோற்றத்தை மட்டும் கெடுப்பவை. சில நீரைக் கசியவிடுபவை. மிகச் சில, தொட்டியே பிளந்துவிட்டதைக் காட்டுபவை. இவற்றைப் பிரித்தறியும் முன்பே குளத்து நீரை இறைத்துவிடுவது பலரும் செய்யும் தவறு. அது சில இடங்களில் விரிசலைவிடப் பெரிய சேதத்தை உண்டாக்கியுள்ளது.

குளத்தின் கட்டமைப்பு

மண்ணைத் தோண்டி, இரும்புக் கம்பி வலை கட்டி, அதன்மேல் காற்றழுத்தத்தால் கான்கிரீட்டைப் பீய்ச்சித் தொட்டி உருவாக்கப்படுகிறது. இம்முறையின் மூலம் விந்தையானது. விலங்குகளின் உடலைப் பதப்படுத்திக் காட்சிக்கு வைக்கும் கலைஞரான கார்ல் எய்க்லி என்பவர், சிகாகோ அருங்காட்சியகக் கட்டடத்தின் சிதைந்த முகப்பைச் செப்பனிட 1907ஆம் ஆண்டளவில் உருவாக்கிய பீய்ச்சும் கருவியே பின்னாளில் நீச்சற்குளக் கட்டுமானத்துக்கும் பயன்பட்டது.

தொட்டியின்மேல் 10 முதல் 13 மில்லிமீட்டர் கனத்தில் காரை பூசப்படும். வெள்ளைச் சிமெண்ட் ஒரு பங்குக்குப் பளிங்குக்கல் தூள் ஒன்றரை முதல் இரண்டு பங்கு சேர்ப்பது வழக்கம். தொட்டி பாரத்தைத் தாங்குகிறது. காரை வழவழப்பான பரப்பைத் தந்து, நீர் கசியாமல் தடுக்கவும் உதவுகிறது. ஆகவே விரிசல் காரையோடு நிற்கிறதா, தொட்டிக்குள்ளும் இறங்கியிருக்கிறதா என்பதே முதற்கேள்வி.

காரணங்கள்

சிமெண்ட் காரை உலரும்போது சுருங்கும். மேற்பரப்பு மட்டும் விரைந்து உலர்ந்தால், சிலந்தி வலை போன்ற நுண்ணிய விரிசல்கள் தோன்றும். கடும் வெயில், வறண்ட காற்று, கலவையில் மிகுதியான தண்ணீர், இறுகத் தொடங்கிய பின்னும் தண்ணீர் தெளித்துக் கரண்டியால் தேய்ப்பது ஆகியவை இதற்குக் காரணம். காரை சீக்கிரம் இறுகுவதற்காகச் சேர்க்கும் கால்சியம் குளோரைடு, சிமெண்டின் எடையில் 2 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது தொழில் விதி. தாண்டினால் சுருக்கமும் கூடும். பூச்சு முடிந்ததும் தாமதிக்காமல், இடையில் நிறுத்தாமல் குளத்தை நிரப்பச் சொல்வது இதனால்தான். நிரம்பிய நீரே காரையை ஈரமாக வைத்து வலுவேற்றுகிறது.

நீரின் வேதித்தன்மை பெரும்பாலும் விரிசலைத் தொடங்கிவைப்பதில்லை. இருக்கும் விரிசலை மோசமாக்குகிறது. கால்சியம் குறைந்த நீர் தனக்கு வேண்டிய கால்சியத்தைக் காரையிலிருந்தே கரைத்து எடுத்துக்கொள்ளும். விரிசல் ஓரத்தில் வெள்ளை முடிச்சுகள் அரும்பினால், காரை தொட்டியை விட்டு உள்ளே விலகியிருக்கலாம்.

தொட்டி பிளப்பதற்கு முதன்மைக் காரணம் மண். டெக்சாஸின் களிமண் நிலங்கள் நம் கரிசல் மண்ணைப் போலவே மழையில் பருத்துக் கோடையில் சுருங்குபவை. அந்த அசைவைத் தொட்டி தாங்காதபோது, நீண்ட ஒற்றை விரிசல் தரையிலிருந்து சுவரேறி, மேல்விளிம்பு டைல்ஸையும் பிளந்துகொண்டு போகும். வலைப்பின்னல் விரிசலைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. இந்த ஒற்றைக் கோட்டை அலட்சியம் செய்யக்கூடாது.

கண்டறியும் முறை

இதற்கு ஒரு வாளி போதும். வாளியைக் குளத்தின் படியில் வைத்து, உள்ளேயும் வெளியேயும் நீர்மட்டம் சமமாக இருக்குமாறு நிரப்பி, இரண்டையும் குறித்துக்கொள்ள வேண்டும். மோட்டாரையும் தானாக நீர் நிரப்பும் அமைப்பையும் நிறுத்திவிட்டு 24 மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். இரண்டிலும் ஒரே அளவு குறைந்திருந்தால் அது ஆவியான நீர். குளத்தில் கூடுதலாகக் குறைந்திருந்தால் கசிவு. 8 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் உள்ள குளத்தில் மட்டம் 1 மில்லிமீட்டர் இறங்கினால் 32 லிட்டர் போயிற்று என்று பொருள். வாளியைவிட 10 மில்லிமீட்டர் அதிகம் இறங்கினால் நாளொன்றுக்கு 320 லிட்டர் மண்ணுக்குள் போகிறது. மோட்டாரை ஓடவிட்டு மறுநாள் இதே சோதனையைச் செய்து, அப்போது இழப்பு கூடினால், குழாயைச் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்து, நீர் அசையாதிருக்கும்போது விரிசலருகே சிறிது சாயநீரை மெல்ல விட வேண்டும். சாயம் உள்ளே இழுக்கப்பட்டால் கசிவு அங்கேதான். நீருக்கடி விளக்கு பொருத்திய குழியிலும், மேல்நீரை உறிஞ்சும் வாயிலின் இணைப்பிலும் இதைச் செய்து பார்ப்பது நல்லது. விரிசல்மேல் சுமத்தப்படும் பழி பல வேளைகளில் இவற்றுக்கு உரியது. விளக்கருகே கை வைக்குமுன் அதன் மின்சாரத்தைத் துண்டித்துவிட வேண்டும்.

விரிசலின் இரு முனைகளிலும் கோடிட்டுத் தேதி எழுதிவைத்துச் சில மாதங்கள் கவனித்தால், அது வளர்கிறதா என்பது தெரியும். அகலத்தைவிட இந்த வளர்ச்சியே முக்கியம்.

குளத்தைக் காலி செய்வதிலுள்ள ஆபத்து

ஒரு சதுர மீட்டர் பரப்பும் 15 சென்டிமீட்டர் கனமும் உள்ள கான்கிரீட் தரையின் எடை ஏறத்தாழ 360 கிலோகிராம். அதன் அடிமட்டத்துக்கு மேல் 36 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிலத்தடி நீர் நின்றாலே, மேல்நோக்கித் தள்ளும் விசை அந்த எடைக்குச் சமமாகிவிடும். பக்கச் சுவர்களின் எடை ஓரளவு துணை நிற்கும். ஆனால் நீர்மட்டம் மேலும் உயர்ந்தால் வெற்றுக் குளம் படகைப் போல மிதந்து எழும். அல்லது தரை வெடிக்கும். குளம் நிறைந்திருக்கும்போது, 1.5 மீட்டர் ஆழமுள்ள இடத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரையும் 1,500 கிலோகிராம் நீர் அழுத்திப் பிடித்திருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால், இறைப்பதன் விளைவு விளங்கும்.

எனவே மழைக்காலத்தில் குளத்தை வற்றவிடலாகாது. அடியில் அழுத்தத்தைத் தணிக்கும் வால்வு இருக்கிறதா, அது இயங்குகிறதா என்று தெரிந்தவரைக் கொண்டு பார்த்த பின்பே இறைக்க வேண்டும்.

சரிசெய்தல்

கசியாத வலைப்பின்னல் விரிசலுக்கு மராமத்து எதுவும் தேவையில்லை. நீரின் பி.எச். மதிப்பை 7.2க்கும் 7.8க்கும் இடையிலும், கால்சியம் கடினத்தன்மையைப் பத்து லட்சத்தில் 200 முதல் 400 பங்கு வரையிலும் வைத்திருந்தால் போதும். இத்தகைய அளவுகளைச் சேர்த்துக் கணக்கிட்டு, நீர் சுண்ணாம்பைக் கரைக்குமா படியவிடுமா என்று சொல்லும் குறியீட்டை லாங்கெலியர் என்பவர் 1936இல் வகுத்தார்.

சிறு கசிவை நீருக்கடியிலேயே இறுகும் இருபொருள் எபாக்சிப் பசையால், குளத்தைக் காலி செய்யாமலே அடைக்கலாம். காரை விலகிய இடத்தைத் தட்டினால் பொள்ளலாக ஒலிக்கும். அங்கே, குளம் வற்றிய பின், திடமான பகுதி வரும்வரை வெட்டியெடுத்து, தூசி போகக் கழுவி, ஈரப்படுத்திப் புதிய காரை பூச வேண்டும். வெட்டுபவர் முகமூடி அணிவது கட்டாயம்; கான்கிரீட் தூசியிலுள்ள சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும்.

தொட்டியே பிளந்திருந்தால் மேலே பூசுவது பயன்தராது. ஓராண்டிலோ ஈராண்டிலோ அதே கோடு புதுக்காரையிலும் எட்டிப்பார்க்கும். பிளவுக்குள் எபாக்சி அல்லது பாலியூரித்தேனைச் செலுத்தி, குறுக்கே உலோக அல்லது கரியிழைப் பட்டைகளால் தைக்கிறார்கள். இதற்குக் கட்டமைப்புப் பொறியாளரின் ஆலோசனை தேவை. மண்ணின் அசைவுக்கும் வழி காணாவிட்டால் தையலுக்குப் பக்கத்திலேயே அடுத்த விரிசல் வரும். குளத்தைச் சுற்றி மழைநீர் தேங்காமல் வடிகால் அமைப்பதும் இந்த மராமத்தில் அடங்கும்.

ஒட்டுப்போட்ட இடத்தின் நிறம் பழைய காரையோடு ஒத்துப்போகாது. அது பொறுக்காதவர்கள் முழுப் பரப்பையும் புதிதாகப் பூசிக்கொள்ள வேண்டியதுதான்.