சிறு பணத்தில் ஒரு கணினி

சில திங்களுக்கு முன் ஒரு மாலைப் பொழுதில், திருவாலங்காட்டைச் சேர்ந்த கரும்பு விவசாயி ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு என் இல்லத்திற்கு வந்தார். அப்பெண் திருத்தணியில் கணிதப் பட்ட வகுப்பில் சேர்ந்திருந்தாள். கரும்பு விற்ற பணத்தில் கடன்களைத் தீர்த்த பின்னர் 40,000 ரூபாய் மிஞ்சியிருந்தது. "ஐயா, இந்தப் பணம் போனால் அடுத்த வெட்டு வரையில் வேறு பணம் கிடையாது. இவளுக்கு எந்தக் கணினி வாங்கலாம் என்று நீங்கள்தாம் சொல்லவேண்டும்" என்றார். அவர் கையில் ஒரு விளம்பரத் தாள் இருந்தது. 'ஐ7 செயலி, 16 ஜி.பி. ரேம், கண்ணாடிப் பெட்டி, வண்ண விளக்குகள். யாவும் 25,000 ரூபாய்க்குள்' என்று அதில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. அதையே வாங்கிவிடலாம் என்பது உடன் வந்திருந்த தம்பியின் கருத்து.

அத்தாளை ஒருபுறம் வைத்துவிட்டு, "அம்மா, இந்தக் கணினியைக்கொண்டு நீ செய்யப்போகும் வேலைகளை ஒரு தாளில் எழுது" என்றேன். அவள் எழுதினாள்: பாடக் கட்டுரைகளைத் தட்டச்சிடுதல், கணக்குப் பட்டியல்கள் அமைத்தல், பைத்தான் என்னும் மொழியில் நிரல் எழுதிப் பழகுதல், காணொளிப் பாடங்களைக் காணுதல், போட்டித் தேர்வுகளுக்கு விண்ணப்பித்தல். தம்பி விளையாட்டையும் சேர்க்கச் சொன்னான். தந்தையார் அவனைப் பார்த்த பார்வையில் அது பட்டியலில் ஏறாமலே நின்றுவிட்டது.

மாணவர்களே, அப்பட்டியலில் உள்ள எந்த வேலைக்கும் பெரிய கணினி தேவையில்லை. 1984-ஆம் ஆண்டில் இந்திய அரசு பள்ளிகளில் கணினிக் கல்வியைப் பரப்புவதற்காகக் 'கிளாஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதில் பயன்படுத்தப்பட்டது பி.பி.சி. மைக்ரோ என்னும் கணினி. ஓர் ஒலிபரப்பு நிறுவனம் தன் பெயரைக் கணினிக்கு ஈந்தது வானொலிக்குப் பெருமை தரும் செய்தி என்பதை இடையில் சொல்லி வைக்கிறேன். 1981-இல் பிரிட்டனில் வெளிவந்த அக்கணினியில், பள்ளிகள் பெரிதும் பயன்படுத்திய வகைக்கு நினைவகம் 32 கே.பி. மட்டுமே. இன்று மிகச் சிறியது என்று கருதப்படும் 8 ஜி.பி. நினைவகம் அதைப்போல் 2,62,144 மடங்கு பெரியது. அந்தச் சிறு நினைவகத்தைக்கொண்டே பிள்ளைகள் நிரல் எழுதவும் வரைபடம் வரையவும் கற்றார்கள்.

இனி, கணினியின் உள்ளே பணம் எங்கே பயன் தருகிறது, எங்கே வீணாகிறது என்று பார்ப்போம். எங்கள் ஊர்ப் பெயரை வரலாற்று மாணவர்கள் அறிவார்கள். முதலாம் இராசேந்திர சோழன் பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடையாக அளித்த செய்தி 31 செப்பேடுகளில் பொறிக்கப்பட்டது. அச்செப்பேடுகள் 1905-ஆம் ஆண்டில் வெளிப்பட்டன. ஏறத்தாழ 900 ஆண்டுகள் அவற்றைப் படிப்பார் இல்லாதிருந்தும் எழுத்து அழியவில்லை. பள்ளியில் நாங்கள் பயன்படுத்திய கற்பலகையோ அப்படிப்பட்டதன்று. வேண்டியதை எழுதுவோம், கணக்கு முடிந்ததும் துடைத்துவிடுவோம். கணினியில் இவ்விரண்டும் உண்டு. ரேம் என்று கடைக்காரர் வழங்கும் நினைவகம் கற்பலகையை ஒத்தது; மின்சாரம் நின்றால் அதிலுள்ளதெல்லாம் அழிந்துபோகும். நாம் எழுதியவற்றை நிலையாக வைத்திருக்கும் சேமிப்பகமே செப்பேடு. செயலி என்பது கணக்குப் போடும் மாணவன். அவன் செப்பேட்டிலிருந்து வேண்டியதை எடுத்துக் கற்பலகையில் எழுதிக்கொண்டு கணக்கைப் போடுகிறான்.

மாணவன் எத்துணைச் சுறுசுறுப்புடையவனாயினும், பலகை மிகச் சிறிதாக இருந்தால் என்ன நேரும்? பாதி எழுதியதைத் துடைத்து ஓரமாக எடுத்து வைத்துவிட்டு மீதியை எழுதவேண்டும். பின்னர் அதை மீண்டும் கொண்டுவரவேண்டும். நினைவகம் நிரம்பியதும் கணினி செய்வது இதுதான். சேமிப்பகத்தின் ஒரு பகுதியையே பலகையாகக் கொள்ள முயல்கிறது. அவ்வேளையில் கணினி 'தொங்கிவிட்டது' என்று நாம் குறைப்படுகிறோம்.

சேமிப்பகத்திலும் இருவகை உண்டு. பழைய வகையான ஹார்ட் டிஸ்க்கில் ஒரு தட்டு நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கிறது. ஒரு சிறு கை அதன்மேல் நகர்ந்து, வேண்டிய இடம் சுழன்று வரும்வரை காத்திருக்கிறது. ஒவ்வொரு தேடலுக்கும் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு விநாடி செல்லும். எஸ்.எஸ்.டி. என்னும் புதிய வகையில் சுழல்வதோ நகர்வதோ எதுவும் இல்லை. பத்தாயிரத்தில் ஒரு பங்கு விநாடியில், அல்லது அதற்கும் முன்பே, செய்தி வந்துவிடுகிறது. கணினியைத் திறக்கும்போது இத்தகைய தேடல்கள் பல ஆயிரம் நிகழ்வதால், இவ்வேறுபாடு நிமிடக் கணக்கில் நம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆதலின் 1,000 ஜி.பி. ஹார்ட் டிஸ்க்கைக் காட்டிலும் 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. மாணவனுக்கு மேலானது. படங்களையும் பாடல்களையும் குவித்து வைப்பதற்குத்தான் பெரிய இடம் வேண்டும்.

விளம்பரத் தாளிலிருந்த 'ஐ7' என்பதற்கு இப்போது வருவோம். இன்டெல் நிறுவனத்தின் செயலிகளுக்கு ஐ3, ஐ5, ஐ7 என்று பெயர்கள் உண்டு. ஐ7 என்பது உயர்ந்தது, ஐ3 என்பது தாழ்ந்தது என்று மக்கள் எண்ணுகிறார்கள். ஒரே தலைமுறைக்குள் அது சரிதான். எட்டாம் வகுப்பின் முதல் மாணவனையும் பன்னிரண்டாம் வகுப்பின் நடுத்தர மாணவனையும் ஒரே வினாத்தாளை எழுதச் சொன்னால் யார் மிகுதியாக எழுதுவார்? பெயருக்குப் பின் வரும் எண்ணில்தான் வகுப்பு இருக்கிறது. ஐ7-3770 என்றால் மூன்றாம் தலைமுறை. அது 2012-இல் வெளிவந்தது. ஐ3-12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. அது 2022-இல் வெளிவந்தது. பெயரளவில் தாழ்ந்த பின்னது முன்னதை எளிதில் வென்றுவிடும். மின்சாரமும் குறைவாகவே கொள்ளும். இன்டெல் நிறுவனம் அண்மையில் தன் புதிய செயலிகளின் பெயரில் 'ஐ' என்ற எழுத்தையே விட்டுவிட்டது. எனவே எண்ணைப் படித்துக் குழம்புவதைவிட, 'இச்செயலி வெளிவந்த ஆண்டு எது?' என்று கேட்டுவிடுவது எளிது.

அத்தாளில் தலைமுறை எண் எங்கும் காணப்படவில்லை. தந்தையார் கடைக்குத் தொலைபேசியில் பேசினார். பலமுறை கேட்ட பிறகு 'மூன்றாம் தலைமுறை' என்ற விடை வந்தது. பழைய செயலியைப் புதிய பெட்டியில் அமர்த்தி, வண்ண விளக்கேற்றி, புதிய கணினியாக விற்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. அதனால் விளையும் தீங்கு வேகக் குறைவு மட்டுமன்று. மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த பொதுவான ஆதரவை 2025 அக்டோபர் 14-இல் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கோ, சில விலக்குகள் நீங்கலாக, இன்டெல் செயலியாயின் எட்டாம் தலைமுறையேனும் வேண்டும் என்பது அந்நிறுவனத்தின் விதி. அந்த 'ஐ7' கணினியை வாங்கியிருந்தால், வாங்கிய அன்றே அது வயது முதிர்ந்ததாக இருந்திருக்கும். அப்பெண் நெடுநேரம் அத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செயலியின் எண்ணுக்கு இறுதியில் வரும் எழுத்தையும் கவனியுங்கள். இன்டெல் செயலியில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால், திரையில் படம் காட்டும் உறுப்பு அதனுள் இல்லை என்பது பொருள். விலை சற்றுக் குறைவாக இருக்கும். ஆனால் தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கினால்தான் திரையில் ஏதேனும் தோன்றும். சிறு பணக்காரருக்கு அது வேண்டா.

நினைவகத்தைப் பொறுத்தவரை 16 ஜி.பி. இருந்தால் நன்று. ஆயினும் செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் சில்லுகளைப் பெருமளவில் வாங்கத் தொடங்கியதால், 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நினைவகத்தின் விலை மிகவும் ஏறிவிட்டது. ஆதலின் ஒரே துண்டாக 8 ஜி.பி. வாங்கி, மதர்போர்டில் இன்னோர் இடம் வெறுமையாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுமாறு கூறினேன். பணம் வரும்போது இரண்டாவது துண்டைச் சேர்க்கலாம். பிற்காலத்தில் சேர்க்கக்கூடியவற்றில் இன்று சிக்கனம் செய்யலாம். மதர்போர்டையும் செயலியையும் எளிதில் மாற்ற இயலாது. அங்கே சிக்கனம் செய்தல் கூடாது.

இனி விலைக் கணக்கு. கணினிக்குச் சரக்கு, சேவை வரி நூற்றுக்கு 18. கடைக்காரர் 40,000 என்று எழுதித் தந்தால், 'வரி தனி' என்ற சொல் அடியில் உள்ளதா என்று பாருங்கள். இருந்தால் நீங்கள் கொடுக்கவேண்டியது 47,200. கையில் உள்ளதே 40,000 என்றால், வரி நீங்கலாக ஏறத்தாழ 33,900 ரூபாய்க்குத்தான் பொருள் வாங்க முடியும். அதில் 10,000 ரூபாயைத் திரைக்கும் யு.பி.எஸ்.க்கும் முதலிலேயே ஒதுக்கிவிடச் சொன்னேன். அது மிகுதி என்று தம்பி வாதாடினான். நான் விட்டுக்கொடுக்கவில்லை.

காரணம் என் சொந்த அனுபவம். பல ஆண்டுகளுக்கு முன் நான் வாங்கிய கணினியில் மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். மிக மலிவானது. பெட்டியோடு இலவசமாக வந்ததென்று மகிழ்ந்தேன். யு.பி.எஸ். வாங்கவில்லை. நிலத்து மோட்டார்கள் ஒருங்கே ஓடி நிற்கும் எங்கள் பகுதியில் மின்னழுத்தம் ஏறுவதும் இறங்குவதும் புதிதன்று. ஒரு மழைக்கால இரவில் புகை நாற்றம் வந்தது. எஸ்.எம்.பி.எஸ். எரிந்து, ஹார்ட் டிஸ்க்கையும் தன்னோடு கொண்டுபோயிற்று. சுற்றுவட்டாரத்தில் வழங்கும் தமிழும் தெலுங்கும் கலந்த வேளாண் சொற்களை ஆறு ஆண்டுகளாகத் தொகுத்து அதில் வைத்திருந்தேன். வேறு படி எடுத்து வைக்கவில்லை. எனக்குச் சொல் சொன்ன முதியவர்களுள் சிலர் அதற்குள் காலமாகிவிட்டனர். ஆகையால் தக்க எஸ்.எம்.பி.எஸ்., சில நிமிடமாவது தாங்கும் யு.பி.எஸ்., நில இணைப்புள்ள மூன்று முளைச் செருகி, எழுதியவற்றுக்குத் தனியே ஒரு படி ஆகிய இவற்றை நான் ஆடம்பரமாகக் கருதுவதில்லை.

திரையைப் பற்றி ஒரு சொல். தமிழ் எழுத்துக்குப் புள்ளி உயிர். தெளிவு குறைந்த திரையில் சிறிய எழுத்தைப் படித்தால் புள்ளி மங்கி, 'க்' எது 'க' எது என்று கண் தடுமாறும். குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள் கொண்ட திரையைக் கேட்டு வாங்குங்கள்.

இயங்குதளத்திற்குப் பணம் தரவேண்டுமா? விண்டோஸ் உரிமத்தின் விலை பல ஆயிரம் ரூபாய். அதைக் கொடாமல் களவுப் படியை ஏற்றித் தருவோர் உண்டு. அது சட்டத்திற்கும் புறம்பு, கணினிக்கும் தீங்கு. நேரிய வழி ஒன்று இருக்கிறது. லினக்ஸ் என்னும் இயங்குதளம் விலையின்றிக் கிடைக்கிறது. தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம், உமாசங்கர் என்ற ஆட்சிப்பணி அலுவலர் அதன் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில், உரிமச் செலவைக் குறைக்கும் பொருட்டு லினக்ஸுக்கு மாறியது. கேரளப் பள்ளிகளும் இவ்வழியில் நெடுந்தூரம் சென்றுள்ளன. 2011 செப்டம்பர் 15-இல் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்திலும், விண்டோஸுடன் 'பாஸ்' என்னும் இந்திய லினக்ஸ் சேர்த்து வழங்கப்பட்டது. பைத்தான், எழுத்துப் பணிக்கான லிப்ரே ஆபீஸ் ஆகியவை லினக்ஸில் நன்றாக இயங்கும். 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை முறையையும் அதில் செலவின்றி அமைத்துக்கொள்ளலாம். ஆனால் வணிகவியல் மாணவர்கள் ஒன்றை முன்னரே எண்ணவேண்டும். டாலி போன்ற கணக்கு மென்பொருள் விண்டோஸுக்கென்றே ஆக்கப்பட்டது. உங்கள் கல்லூரியில் எது கற்பிக்கிறார்கள் என்று ஆசிரியரைக் கேட்ட பின்னரே முடிவு செய்யுங்கள்.

40,000 ரூபாயும் இல்லாதவர்கள் உண்டு. பெரிய அலுவலகங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திவிட்டுக் கழிக்கும் கணினிகள் செப்பனிடப்பட்டு விற்பனைக்கு வருகின்றன. எட்டாம் தலைமுறைக்குக் குறையாததாகப் பார்த்து வாங்கி, புதிய எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்திக்கொண்டால் படிப்புக்கு அது போதும். பழையது என்று சொல்லி விற்கும் பழையதில் குற்றமில்லை.

அடுத்த வாரம் தந்தையும் மகளும் மின்சார ரயிலேறிச் சென்னை சென்று, அண்ணா சாலையை அடுத்த ரிச்சி தெருவில் மூன்று கடைகளில் விலை எழுதி வாங்கினார்கள். ஒவ்வொரு தாளிலும் செயலியின் முழு எண், நினைவகத்தின் வகை, எஸ்.எஸ்.டி.யின் பெயர், எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பெயர் ஆகியவற்றைத் தனித்தனியே எழுதும்படி அப்பெண்ணே கேட்டிருக்கிறாள். ஒரு கடைக்காரர் எழுத மறுத்துவிட்டாராம். அங்கே அவர்கள் வாங்கவில்லை. பன்னிரண்டாம் தலைமுறை ஐ3 செயலியும், 8 ஜி.பி. நினைவகமும், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யும் கொண்ட கணினி, விளக்கு ஏதும் இல்லாத கறுப்புப் பெட்டியில் வந்து சேர்ந்தது. வரியுடன் கூடிய ரசீதில் ஒவ்வோர் உறுப்பின் வரிசை எண்ணையும் எழுதி வாங்கியிருந்தாள். பெட்டியுடன் விற்கப்படும் இன்டெல் செயலிக்கு மூன்றாண்டு உத்தரவாதம் உண்டு. பிற உறுப்புகளுக்குக் காலம் வேறுபடும். ரசீது இல்லையேல் இவற்றுள் எதையும் கோர முடியாது. அதன் படி ஒன்றை எடுத்து என்னிடமும் கொடுத்து வைத்திருக்கிறாள்.