மூச்சு நின்ற பிறகு கேட்பது யார்?

தம்பலகாமத்தில் வீட்டில் ஒருவர் இறந்தால் தாடையைக் கட்டி, கால் பெருவிரல்களைச் சேர்த்து முடிந்து, மேலே மின்விசிறியைச் சுழலவிடுவது வழக்கம். கண் தானம் செய்வதென்றால் அந்த விசிறியைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். காற்றுப் பட்டால் கருவிழிப் படலம் காய்ந்துவிடும். இமைகளை மூடி, சுத்தமான ஈரப்பஞ்சை மேலே வைத்து, தலையைச் சற்று உயர்த்திவிடுங்கள். ஏறக்குறைய ஆறு மணித்தியாலத்துக்குள் கண்ணை எடுத்துவிட வேண்டும், எடுக்கும் வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அன்றே ஜனாஸாவை அடக்குகிற குடும்பங்களுக்கும் நேரம் ஒரு தடையல்ல. மார்க்கம் பற்றிய கேள்வியை அவரவர் உலமாவிடம் கேட்டுக்கொள்ளலாம்.

இதயம் நின்ற பிறகும் கொடுக்கக்கூடிய தானம் இது. வைத்தியர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய இலங்கைக் கண் தானச் சங்கம் 1964இலேயே சிங்கப்பூருக்குக் கண்களை அனுப்பியது. இன்று வரை எத்தனையோ நாடுகள் நம்மிடம் கண் வாங்கியிருக்கின்றன.

சிறுநீரகத்தின் கதை வேறு. இரத்த ஓட்டம் நின்ற நிமிடத்திலிருந்தே அது கெடத் தொடங்குகிறது. அதனால் நம் நாட்டில் இறந்தவரிடமிருந்து சிறுநீரகம் எடுப்பது பெரும்பாலும் மூளைச்சாவு உறுதியானவர்களிடமிருந்துதான். பிரித்தானியா, ஸ்பெயின் போன்ற நாடுகளில் இதயம் நின்றவர்களிடமிருந்தும் எடுக்கிறார்கள். அங்கே இதயம் நின்றதும் கத்தியோடு யாரும் ஓடி வருவதில்லை. பிரித்தானியாவில் ஐந்து நிமிடம் யாரும் உடலைத் தொடாமல் பார்த்திருப்பார்கள். இத்தாலியில் இருபது நிமிடம். இதயத்துடிப்பு தானாகத் திரும்பாது என்று உறுதியான பிறகுதான் மரணம் அறிவிக்கப்படும்.

இறந்தவரிடமிருந்து உறுப்புத் தானம் பெறுவதற்கான பயிற்சியை அறுவைச் சிகிச்சைப் பயிற்சி என்று நினைத்துவிட வேண்டாம். என் பார்வையில் அதில் பாதிக்கு மேல் பேசக் கற்பதுதான். சிகிச்சையை நிறுத்துவதா என்பதைத் தானத்தை மனதில் வைத்து முடிவெடுக்கக் கூடாது. சிகிச்சை தருபவர்களும் உறுப்பைப் பொருத்துபவர்களும் வெவ்வேறு குழுவினராக இருக்க வேண்டும். சிகிச்சை பயனற்றுப்போனதைக் குடும்பம் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். தானம் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான், அதற்கெனப் பயின்றவர் கேட்க வேண்டும். அழுதுகொண்டிருக்கும் மகளிடம் ஒரே வாக்கியத்தில் இரண்டையும் சொல்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் பயிற்சி பெறாதவர்தான். இந்தப் பேச்சுப் பயிற்சி கொழும்பின் அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகளோடு நிற்காமல், கந்தளாய், திருகோணமலை வைத்தியசாலைகளின் இரவுப் பணித் தாதியர் வரை வர வேண்டும்.

உங்கள் உரிமை இதுதான்: மறுக்கலாம், அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. மறுத்ததற்காக சிகிச்சையைக் குறைக்க எவருக்கும் அதிகாரமில்லை. விபத்து அல்லது சந்தேக மரணம் என்றால் திடீர் மரண விசாரணை அதிகாரிக்கும் சட்ட வைத்திய அதிகாரிக்கும் தெரியாமல் எதையும் எடுக்க முடியாது.

பணம் என்ற பேச்சு வந்தால் மட்டும் எழுந்துவிடுங்கள். 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க மனித இழையங்கள் மாற்றீட்டுச் சட்டம் விற்பனையைத் தடைசெய்கிறது. சிறுநீரக நோயால் அவதிப்படுகிற ஊர்கள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன; பதவி சிறிபுரவும் அவற்றில் ஒன்று. ஆகவே நோயாளியின் அவசரத்தையும் ஏழையின் கடனையும் சேர்த்துப் பார்க்கத் தரகர்களுக்கு நன்றாகவே தெரியும். இந்தியர்கள் சம்பந்தப்பட்ட சிறுநீரக வியாபாரம் அம்பலமானபோது, 2016 ஜனவரியில் வெளிநாட்டவர்களுக்கான சிறுநீரக மாற்றுச் சிகிச்சையை அரசு நிறுத்திவைத்தது.

வற்புறுத்தல் நடந்தால் வைத்தியசாலைப் பணிப்பாளரிடமும், அங்கே பயனில்லையென்றால் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரிடமும் எழுத்தில் முறையிடுங்கள். வைத்தியரின் நடத்தை பற்றிய புகாரை இலங்கை மருத்துவ சபை விசாரிக்கும். அரச வைத்தியசாலையில் உரிமை மீறப்பட்டதென்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலைப் பிராந்திய அலுவலகத்துக்குப் போகலாம். தரகர் விவகாரம் நேரே பொலிசுக்கு. எங்கே கொடுத்தாலும் புகாரின் பிரதியில் திகதியோடு கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.