இரைச்சலுக்குள் ஓர் ஒழுங்கு

கூட்டம் தொடங்குமுன் மைக்கைச் சரிசெய்யும்போது திடீரென்று ‘கீ...’ என்று ஓர் அலறல் எழும். எல்லாரும் காதைப் பொத்திக்கொள்வார்கள். இதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மைக்கில் நுழைந்த ஒலி பெருக்கப்பட்டு ஒலிபெருக்கி வழியே வெளிவருகிறது, அது மறுபடியும் மைக்கில் நுழைகிறது, மறுபடியும் பெருக்கப்படுகிறது. இந்தச் சுழற்சிக்குப் பின்னூட்டம் என்று பெயர்.

மைக்காரர் ஓடிவந்து நிறுத்தும் இந்த அலறலையே இசைக்கு மூலப்பொருளாக எடுத்துக்கொண்டார்கள் அமெரிக்கர்கள் இருவர்: ஸ்டீஃபன் ஓ’மாலி, கிரெக் ஆண்டர்சன். இருவரும் கிடார் வாசிப்பவர்கள். 1998-இல் இவர்கள் தொடங்கிய குழுவின் பெயர் ‘சன்’. பழைய பெருக்கிக் கருவி ஒன்றின் வணிகப் பெயர் அது. எழுதும்போது அதன் பின்னால் ஒரு வட்டமும் மூன்று வளைகோடுகளும் இருக்கும். படிக்கும்போது அவற்றை உச்சரிப்பதில்லை.

‘மெட்டல்’ எனப்படும் உரத்த கிடார் இசையிலிருந்து கிளைத்தது இவர்கள் இசை. ஆனால் அதற்குரிய வேகமோ முரசொலியோ இதில் அநேகமாக இல்லை. கம்பியை ஒரு முறை மீட்டிவிட்டு, அந்த நாதம் நீண்டு நிற்க விடுகிறார்கள். ‘எர்த்’ என்ற குழு 1993-இல் வெளியிட்ட இசைத்தட்டு ஒன்று இவர்களுக்கு முன்னோடி. கேட்டவர்களில் பலர், “இது இசையா, இரைச்சலா?” என்று கேட்டனர். இதற்கு இயற்பியல் என்ன விடை சொல்கிறது?

நாதம் ஏன் தேய்வதில்லை?

மின் கிடாரில் உலோகக் கம்பிகளுக்கு அடியில் காந்தமும் செம்புக்கம்பிச் சுருளும் உண்டு. கம்பி அதிரும்போது சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. 1831-இல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டல்தான் இது. இந்த மின் அலை மேடும் பள்ளமுமாக மென்மையாக வளைந்து செல்லும். பெருக்கியால் தாங்க முடியாத அளவுக்கு அதை ஏற்றினால், மேடுகளின் உச்சி வெட்டுண்டு தட்டையாகிவிடும். அலையின் உருவம் இவ்வாறு திரியும்போது, அடிச்சுரத்தின் இரு மடங்கு, மும்மடங்கு, நான்கு மடங்கு அதிர்வெண்கள் கொண்ட மேற்சுரங்கள் பெருகுகின்றன. கரகரப்பாக நம் காதில் விழுவது இந்த மேற்சுரக் கூட்டமே.

இன்னொரு விளைவும் உண்டு. கம்பியின் அதிர்வு தேய்ந்தாலும் உச்சி வெட்டுண்ட அலையின் உயரம் உடனே குறைவதில்லை. அத்துடன் ஒலிபெருக்கியிலிருந்து வரும் அதிர்வு கம்பியைத் தாக்கி மீண்டும் அதிரவைக்கிறது. கம்பி எல்லா அதிர்வுகளுக்கும் இசைந்து கொடுக்காது. தனக்கு இயல்பான அதிர்வெண்களுக்கே இசையும். இதுவே ஒத்ததிர்வு. ஆகவே இங்கே எழும் அலறல் ஒரு சுரமாக நிலைக்கிறது. கலைஞர் ஓர் அடி நகர்ந்து நின்றால், வேறொரு மேற்சுரம் ஓங்கி எழக்கூடும்.

மீட்டாத சுரம்

கிடாரின் தடித்த கம்பி வழக்கமாக வினாடிக்குச் சுமார் 82 முறை அதிரும். இத்தகைய இசையில் கம்பியைத் தளர்த்திச் சுருதியைத் தாழ்த்துவார்கள். அதை 55 அதிர்வுக்கு இறக்கியதாகக் கொள்வோம். அதுவே சட்ஜம் என்றால், அதன் பஞ்சமம் ஒன்றரை மடங்கு, அதாவது 82.5. இவ்விரண்டையும் திரிபு மிகுந்த பெருக்கியில் ஒன்றாகச் செலுத்தினால், இரண்டின் வித்தியாசமான 27.5 அதிர்வுள்ள சுரமும் உண்டாகிறது! அதை யாரும் மீட்டவில்லை. பியானோவின் மிகத் தாழ்ந்த கட்டைக்குரிய சுரம் அது.

இரண்டு கிடார்களின் சுருதி மயிரிழை விலகினால் விம்மல்கள் தோன்றும். ஒன்று 55, மற்றது 55.5 என்றால், இரண்டு வினாடிக்கு ஒரு முறை ஒலி ஓங்கித் தாழும். முரசு இல்லாத இசைக்கு ஒரு மெதுவான தாளம் இங்ஙனம் கிடைக்கிறது.

அறையும் ஒலிப்பதிவும்

55 அதிர்வுள்ள ஒலியின் அலைநீளம் காற்றில் ஆறு மீட்டருக்கும் சற்று மிகும். சாதாரண அறையைவிட அலை நீளமானது! சுவர்களில் மோதித் திரும்பும் அலைகள் நிலை அலைகளாகி, ஓரிடத்தில் ஒலியைப் பெருக்கும்; சில அடி தள்ளி அதையே அடக்கும். ஆகவே இவ்விசையைப் பதிவு செய்வதில் அறையும் ஒரு வாத்தியமே.

2007-இல் நார்வே நாட்டின் பெர்கன் நகரப் பேராலயத்தில் இவர்கள் வாசித்தது ஒலிப்பதிவாக வெளிவந்திருக்கிறது. கல் சுவர்களின் எதிரொலியும் குழல் ஆர்கனின் நாதமும் அதில் சேர்ந்தன. 2018-இல் சிகாகோவில் ஸ்டீவ் ஆல்பினி (மறைவு: 2024) இவர்கள் இசையைக் காந்த நாடாவில் பதிவு செய்தார். அந்நாட்களில் பயிற்சியாக நாள்தோறும் பன்னிரண்டு நிமிடம் கடிகாரம் வைத்து வாசித்தவையும் பதிவாயின. 2019-இல் ‘லைஃப் மெட்டல்’, ‘பைரோகிளாஸ்ட்ஸ்’ என்று இரு தொகுப்புகள் வந்தன.

கைபேசியின் சிறு ஒலிபெருக்கியால் 55 அதிர்வை உரக்க எழுப்ப முடியாது. ஆயினும் 110, 165, 220 என்னும் மேற்சுரங்கள் காதுக்கு எட்டுகின்றன. அவற்றின் ஒழுங்கைக் கொண்டு, விடுபட்ட அடிச்சுரத்தை மூளை தானே ஊகித்துக்கொள்கிறது!

ஓர் எச்சரிக்கை

இக்குழுவின் மேடைக் கச்சேரிகள் மிகமிக உரத்தவை. காதடைப்பான் அணிந்து போவதே அறிவுடைமை. நம் ஒவ்வொரு காதின் நத்தை எலும்பிலும் சுமார் 15,000 மயிர் உணர்செல்கள் உள்ளன. ஒலி மிகுந்தால் அவை அழியும். மனிதரில் அவை மீண்டும் முளைப்பதில்லை. 85 டெசிபல் ஒலியில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது ஒரு பாதுகாப்புக் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும். அதன்படி 100 டெசிபலில் பதினைந்து நிமிடமே! இசையானாலும் இரைச்சலானாலும் செவிக்கு இந்தக் கணக்கு ஒன்றுதான்.

ஒலிப்பதிவின் பெரும் பயன் இங்கேதான் இருக்கிறது. ஒலியைக் குறைத்துவைத்துப் பொறுமையாகக் கேட்கலாம். முதலில் ஒரே உறுமலாகத் தோன்றும்; சில நிமிடங்களில் மேற்சுரங்களும் விம்மல்களும் தனித்தனியே பிரிந்து தெரியும். பிடித்திருக்கிறதா என்பது அவரவர் சுவை. ஆனால் ஒழுங்கற்றது என்று மட்டும் சொல்ல முடியாது.

நீங்களே சோதித்துப் பாருங்கள். தம்புராவிலோ கிடாரிலோ இரு கம்பிகளை ஒரே சுருதியில் சேர்த்து, ஒன்றை மிகச் சிறிதே தளர்த்தி, இரண்டையும் சேர்த்து மீட்டுங்கள். விம்மல்களை எண்ணி ஒரு வினாடிக்கு எத்தனை என்று கணக்கிட்டால், இரு கம்பிகளின் அதிர்வெண் வித்தியாசம் தெரிந்துவிடும்.